குளிர்நீர்க் குழாய்: இன்சுலேஷன் போட்ட பிறகும் வேர்க்கிறதே, ஏன்?

கூரைச்சொட்டு | ஜூன் 3, காலை 8:10

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல குளிர்நீர் லைன் ஓடுது. 22 மி.மீ. செம்பு, உள்ளே 7 டிகிரி தண்ணி. 9 மி.மீ. கறுப்பு ரப்பர் உறை போட்டிருக்கு. அப்படியும் சொட்டுது, சீலிங் பலகை முழுக்க மஞ்சள் கறை. மேலே அலுமினியம் டேப்பை இறுக்கிச் சுத்திட்டா நின்னுடும்ங்கறது என் எண்ணம். ஆவியையும் தடுக்கும், குளிரும் வெளியே வராது. சரிதானே?

செம்புத்தச்சன் | ஜூன் 3, காலை 9:02

சுத்தாதீங்க. உள்ளே ஏற்கெனவே ஈரம் இருந்தா அதை மூடி வச்ச மாதிரி ஆயிடும். முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. எங்கே சொட்டுது: உறையோட நடு உடம்பிலயா, இரண்டு துண்டு சேர்ற இடத்திலயா, கிளாம்ப் கீழேயா? எந்த நேரத்துல? சீலிங்குக்கு மேல காத்து எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு? அறையில அளந்தா பிரயோஜனம் இல்ல. ஈரமானியை மேலேயே ஒரு ராத்திரி வச்சிட்டு எடுங்க.

நீலவால்வு | ஜூன் 3, மதியம் 1:30

கசிவு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்நீரை நிறுத்திக் குழாய் அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் சொட்டினால் அது கசிவு. நின்றுவிட்டால் வேர்வை. சால்டர் மூட்டு ஒன்றைச் சுற்றி மட்டும் ஈரமென்றால் சந்தேகப்படலாம். நீளம் முழுக்கப் படர்ந்திருந்தால் காற்றிலிருந்து வந்த நீர்தான்.

கூரைச்சொட்டு | ஜூன் 4, காலை 7:45

நிறுத்திப் பார்த்தேன், சொட்டறது நின்னுடுச்சு. கசிவு இல்ல. மேலே 30 டிகிரி, ஈரப்பதம் 80லிருந்து 85. விடியற்காலை இன்னும் ஏறுது. கிளாம்ப் கீழேதான் அதிகம். துண்டு சேர்ற இடங்கள்லயும் சொட்டுது. உறையோட உடம்பும் காலையில கையில ஈரமா ஒட்டுது. ஒரு பால் வால்வு உறையே இல்லாம வெறுமையா நிக்குது.

பனிப்புள்ளி | ஜூன் 4, இரவு 9:20

இப்போது கணக்குப் போடலாம். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் அதிலுள்ள ஆவி நீராக இறங்கும். அதுதான் பனிப்புள்ளி. 50 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 100லிருந்து ஒவ்வொரு 5 சதவீதம் குறைவுக்கும் காற்றின் வெப்பநிலையிலிருந்து 1 டிகிரி கழிக்க வேண்டும். 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் சுமார் 26. துல்லியமாகப் போட்டால் 26.2.

ஆக, உறையின் வெளிப்பரப்பு 26.2 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். உறையின் வேலை அவ்வளவுதான். குழாய் 7 டிகிரியில் இருப்பதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை, உறையின் தோல், அதாவது அந்த வெளிப்பரப்பு, எத்தனை டிகிரி என்பதே கேள்வி.

உங்கள் 9 மி.மீ. உறையைப் பார்ப்போம். நைட்ரைல் ரப்பர் ஃபோமின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-டிகிரிக்குச் சுமார் 0.036 வாட். கறுப்பான, பளபளப்பில்லாத பரப்பு அசையாத அறைக்காற்றிலிருந்து சதுர மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 9 வாட் வாங்கும். இந்த இரண்டையும் வைத்தால் வெளிப்பரப்பு 24.2 டிகிரி வருகிறது. 26.2க்குக் கீழே 2 டிகிரி. அந்த உறை உங்கள் இடத்தில் 71 சதவீத ஈரப்பதம் வரைதான் தாங்கும். அதனால்தான் உடம்பே ஈரமாகிறது.

அதே குழாய், அதே 7 டிகிரி, அதே 30 டிகிரிக் காற்று. தேவைப்படும் குறைந்தபட்சத் தடிமன்: 80 சதவீதத்துக்கு 14 மி.மீ., 85க்கு 18, 90க்கு 27, 95க்கு 48. முதல் படியையும் கடைசிப் படியையும் கவனியுங்கள். 80லிருந்து 85க்குப் போக 4 மி.மீ. போதும். 90லிருந்து 95க்குப் போக 21 மி.மீ. வேண்டும். ஈரப்பதம் ஏற ஏறக் காற்றுக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, அந்தச் சின்ன இடைவெளிக்குள் தோலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

வழக்கமான அளவுகள் 9, 13, 19, 25, 32. உங்களுக்கு 19 விளிம்பில் நிற்கும், 25 பாதுகாப்பு. 25 போட்டால் தோல் 28 டிகிரி, 89 சதவீதம் வரை தாங்கும்.

கூரைச்சொட்டு | ஜூன் 4, இரவு 10:05

விடியற்காலையில ஏன் அதிகம்? அப்போ காத்தும் குளிர்ச்சிதானே, வேர்வை குறையணுமே.

பனிப்புள்ளி | ஜூன் 4, இரவு 10:40

காற்றிலுள்ள நீரின் அளவு பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறுவதில்லை, பனிப்புள்ளி கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். பனிப்புள்ளி 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் காற்று 33 டிகிரி, இடைவெளி 8. உங்கள் குழாய்க்கு 7 மி.மீ. உறையே போதும். விடியற்காலை காற்று 26க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது, இடைவெளி 1 டிகிரிக்கும் குறைவு. இப்போது 42 மி.மீ. வேண்டும். காற்றில் நீர் கூடவில்லை, தோலைச் சூடாக்கித் தர வேண்டிய காற்றுதான் குளிர்ந்துவிட்டது.

அந்த ஓரிரு மணி நேரத்துக்காக யாரும் 42 மி.மீ. போடுவதில்லை. 85 முதல் 90 சதவீதத்துக்குத் தடிமன் எடுத்துக்கொண்டு, விடிகாலையில் லேசான மூட்டம் படிந்தாலும் சொட்டாமல் காய்ந்துவிடும்படி விடுவதே நடைமுறை. சீலிங்குக்கு மேல் காற்று கொஞ்சம் அசைந்தால் இன்னும் நல்லது.

அடைப்பான் | ஜூன் 5, காலை 6:55

அலுமினியம் டேப் பற்றி யாரும் முழுசா பதில் சொல்லலை. அது உங்க நிலைமையை மோசமாக்கும்.

பனிப்புள்ளி சொன்ன அந்த 9 வாட்ல பாதிக்கு மேல கதிர்வீச்சால வருது. சுவர், சீலிங், தரை எல்லாம் குழாயை விடச் சூடு. அதுங்க வீசற வெப்பத்தைக் கறுப்பு ரப்பர் நல்லா வாங்கிக்கும். பளபளக்கிற அலுமினியம் அதைத் திருப்பி அனுப்பிடும். 9 வாட் 5க்கு இறங்கிடும். அதே 85 சதவீதத்துக்கு 18 மி.மீ. போதும்னு இருந்தது 29 மி.மீ. ஆயிடும். உங்க 9 மி.மீ. மேல பளபளப்பு டேப் சுத்தினா தோல் இன்னும் குளிரும், இன்னும் சொட்டும்.

மேல்பூச்சு வேணும்னா உலோகப் பளபளப்பு இல்லாததா பாருங்க. நிறம் முக்கியமில்ல. வெள்ளை பெயின்ட்டும் கறுப்பும் இந்த வெப்பநிலையில கதிர்வீச்சை ஒரே மாதிரிதான் வாங்கும். வெயில் படாத இடத்துக்குச் சொல்றேன்.

நீலவால்வு | ஜூன் 5, காலை 10:15

அடைப்பான் சொன்னதோடு ஒன்று: அலுமினியத் தகடு ஆவித்தடையாக மிக நல்ல பொருள். நீர் மூலக்கூறு அதனூடே போகாது. கிளாஸ் வுல் போன்ற திறந்த நார்ப்பொருளுக்கு அது கட்டாயம். அலுமினியமே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பளபளப்பு வெளியே தெரிந்தால் அதற்கேற்பத் தடிமனைக் கூட்டுங்கள், அல்லது மேலே பெயின்ட் அடியுங்கள்.

இன்னொன்று, இன்ஃப்ராரெட் வெப்பமானியை வெறும் செம்பு மீதோ அலுமினியத்தின் மீதோ காட்டி அளக்காதீர்கள். அது எதிரே இருக்கும் சுவரின் வெப்பத்தைத்தான் பெரும்பாலும் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, அதன் மீது அளங்கள்.

கூரைச்சொட்டு | ஜூன் 5, மாலை 6:30

அப்போ பழைய 9 மி.மீ. மேலயே 19 மி.மீ. இன்னொரு அடுக்கு போட்டுடலாமா? மொத்தம் 28 வருது.

செம்புத்தச்சன் | ஜூன் 5, இரவு 8:50

கணக்குப்படி சரி, தளத்துல சரியில்ல. துண்டு சேர்ற இடத்துல சொட்டுதுன்னீங்க. அந்த இணைப்பு பசை போட்டு ஒட்டலை, வெறுமனே முட்டவிட்டு மேலே டேப் போட்டிருப்பாங்க. அது வழியா காத்து உள்ளே போய், உறைக்கும் செம்புக்கும் நடுவுல தண்ணியா நிக்கும். அந்தத் தண்ணி மேல புது உறை போட்டா உள்ளேயே ஊறும்.

சோதிக்கிறது சுலபம். ரெண்டு மூணு இடத்துல, முக்கியமா தாழ்வான பக்கம், உறையை நீளவாக்குல 10 செ.மீ. கத்தியால பிளந்து பாருங்க. செம்பு காய்ஞ்சு, பளிச்னு இருந்தா உறை நல்லா இருக்கு. அதன் மேலயே அடுக்கு போடலாம், ரெண்டு அடுக்கோட இணைப்புகளும் ஒரே இடத்துல வராம தள்ளி வையுங்க. தண்ணி ஒழுகினா, பச்சைக் கறை தெரிஞ்சா, எல்லாத்தையும் கழட்டுங்க.

பனிப்புள்ளி | ஜூன் 6, காலை 7:10

உள்ளே நீர் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு எண். 30 டிகிரி, 80 சதவீதக் காற்றில் ஆவியழுத்தம் சுமார் 3,400 பாஸ்கல். 7 டிகிரிக் குழாயின் பரப்பில் நிலைக்கக்கூடியது 1,000 பாஸ்கல். மிச்சம் 2,400 பாஸ்கல் இரவும் பகலும் ஆவியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சூடான குழாயில் இந்தத் தள்ளல் வெளிப்பக்கம், ஈரம் இருந்தாலும் காய்ந்துவிடும். குளிர்க்குழாயில் உள்ளே போனது திரும்பி வராது. ஒரு மயிரிழைப் பிளவு போதும், காலம் அதன் பக்கம்.

உள்ளே போன நீர் உறையைக் கெடுக்கிறது. அசையாத காற்றின் கடத்துத்திறன் 0.025 அளவில். நீருடையது 0.6, இருபது மடங்குக்கு மேல். ஃபோமின் கண்ணறைகளில் காற்று இருந்த இடத்தில் நீர் வந்தால் உறை குளிரைக் கடத்தத் தொடங்கும், தோல் குளிரும், இன்னும் நீர் சேரும். முதல் ஆண்டு நன்றாக இருந்து இரண்டாம் ஆண்டு சொட்டத் தொடங்கும் குழாய்களின் கதை பெரும்பாலும் இதுதான். அதனால் எனக்குத் தடிமனை விட இணைப்பே முதல் கவலை. 32 மி.மீ. போட்டு இணைப்பைத் திறந்து வைத்தவனை விட 19 போட்டு முழுக்க ஒட்டியவன் நிம்மதியாக இருப்பான்.

கூரைச்சொட்டு | ஜூன் 8, காலை 9:00

பிளந்து பார்த்தேன். தாழ்வான பக்கத்துல தண்ணி ஓடி வந்துச்சு. எல்லாத்தையும் கழட்டப் போறேன். 25 மி.மீ. நைட்ரைல் குழல், பிளவில்லாதது. ஏற்கெனவே பொருத்தின லைன்ங்கறதால நானே பிளந்துதான் போடணும். எப்படி ஒட்டறதுன்னு படிப்படியா சொல்லுங்க, செம்பு அண்ணே.

செம்புத்தச்சன் | ஜூன் 8, இரவு 9:40

முதல் விதி: லைன் நிக்கணும். குளிர்ற குழாய் மேல பசை பிடிக்காது, துடைக்கத் துடைக்க ஈரம் வரும். நிறுத்திட்டு அறை வெப்பத்துக்கு வர விடுங்க. செம்பைத் துணியால துடைச்சு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா தின்னர் தொட்டுத் துடைச்சு, நல்லா காய விடுங்க.

கத்தி நீளமா, கூரா இருக்கணும். மழுங்கின கத்தியில அறுத்தா முகம் பல்லு பல்லா வரும், அப்புறம் எந்தப் பசையும் அடைக்காது. ஒரே இழுப்புல அறுங்க. குழலை நீளவாக்குல பிளக்கும்போது ஒரு பக்கச் சுவரை மட்டும் நேராப் பிளக்கணும், கத்தி எதிர்ச் சுவரைத் தொடக்கூடாது.

நீளம் மீட்டருக்கு 5 முதல் 10 மி.மீ. கூடுதலா வெட்டுங்க. ரெண்டு முனைக்கு நடுவுல அமுக்கித் திணிச்சு உக்கார வைக்கணும். இழுத்துப் பொருத்தினா ரப்பர் சுருங்கி, நாலு மாசத்துல இணைப்பு வாய் திறந்துடும். சொட்டற லைன்ல பாதி இந்த இழுப்பாலதான்.

பசை, நைட்ரைல் ஃபோமுக்குன்னே விக்கிற காண்டாக்ட் பசை. ரெண்டு முகத்துலயும் மெல்லிசா, சீரா தடவணும். திட்டுத் திட்டா போடாதீங்க. தடிச்ச பசைக்குள்ள கரைப்பான் மாட்டிக்கிட்டு மேலே மட்டும் காயும். 5லிருந்து 10 நிமிஷம் விடுங்க. விரலால தொட்டா நூல் இழுக்கக்கூடாது, ஆனா லேசா ஒட்டுற மாதிரி இருக்கணும். அப்போ சேருங்க. முதல்ல ரெண்டு முனை, அப்புறம் நடு, அப்புறம் மிச்சம். தேய்க்க வேண்டாம், ஒவ்வொரு அங்குலமா விரலால கிள்ளி அமுக்கணும். சேர்த்த பிறகு நகர்த்திச் சரி பண்ண முடியாது, அதனால சேர்க்கறதுக்கு முன்னாடியே நேரா பிடிங்க.

முனைக்கு முனை முட்டற இடத்துலயும் இதே மாதிரி ரெண்டு முகத்துலயும் பசை. 3 மி.மீ. தடி, 50 மி.மீ. அகல ரப்பர் ஃபோம் டேப் மேலே போடலாம், இழுக்காம படிய வச்சு. அது பசைக்குக் காவல் மட்டும்தான். பசை இல்லாம டேப் மட்டும் போட்டா ஒரு வெயில் காலத்துல விளிம்பு சுருண்டு வரும்.

இன்னொண்ணு, பல பேர் விட்டுடுவாங்க. ஒவ்வொரு 2 மீட்டருக்கும், வால்வுக்கு ரெண்டு பக்கமும், எல்போ, டீ பக்கத்துலயும் உறையோட முனையை உள்பக்கம் செம்போட ஒட்டுங்க. ஒரு அங்குல அகலத்துக்குப் பசை போதும். எங்கேயாவது ஒரு இடம் பிளந்தா ஈரம் அந்த 2 மீட்டருக்குள்ளயே நிக்கும், லைன் முழுக்க ஓடாது. எங்கே கோளாறுன்னும் உடனே தெரியும்.

முடிச்சதும் குளிர்நீரைத் திறக்காதீங்க. குறைஞ்சது 24 மணி நேரம். பசை டப்பாவுல 36னு போட்டிருந்தா 36.

நீலவால்வு | ஜூன் 9, காலை 7:25

நீளவாக்குப் பிளவு சீலிங்குக்கு மேல் எந்தப் பக்கம் இருந்தாலும் பாதகமில்லை, கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வைத்தால் சோதிக்கச் சுலபம். வெளியே மழை படும் இடத்தில் கீழ்ப்பக்கம் திரும்பட்டும்.

அடைப்பான் | ஜூன் 9, மாலை 5:15

கிளாம்பைப் பத்திப் பேசலாம், அங்கேதான் அதிகம் சொட்டுதுன்னார்.

ரெண்டு விதத் தப்பு நடக்குது. ஒண்ணு, கிளாம்ப் நேரா செம்பைப் பிடிச்சிருக்கும், உறை ரெண்டு பக்கமும் வந்து முட்டி நிக்கும். இரும்புத் தண்டு குளிரை மேலே இழுத்துக்கிட்டுப் போகும். 8 மி.மீ. எஃகுத் தண்டுல பனிப்புள்ளிக்குக் கீழான குளிர் கால் மீட்டர் தூரம் வரை ஏறலாம். தண்டுக்கு உறை போட்டு மறைச்சா பிரச்சினை கொஞ்சம் மேலே நகரும், அவ்வளவுதான். இன்னொண்ணு, கிளாம்பை உறைக்கு மேலயே போட்டு இறுக்கிடுவாங்க. 25 மி.மீ. ஃபோம் அங்கே 8 மி.மீ. ஆயிடும். நீங்க காசு கொடுத்து வாங்கின தடிமன் கிளாம்ப் கீழே இல்லவே இல்ல.

தீர்வு: எடை தாங்கற கடின உள்துண்டு, அதாவது அடர்த்தியான பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) கட்டை. உறையோட வெளிவிட்டம் எவ்வளவோ அதே வெளிவிட்டத்துல ரெண்டு அரைவட்டமா கிடைக்கும். அதைச் செம்பு மேல மூடி, கிளாம்பை அதன் மேல போடணும். கட்டையோட ரெண்டு முகத்துலயும் ரப்பர் உறையைப் பசையால ஒட்டணும், முட்டவிட்டா மறுபடி அதே கதை. 22 மி.மீ. செம்பு மாதிரி லேசான குழாய்னா, உறைக்கு வெளியே 150 முதல் 200 மி.மீ. நீளத்துக்கு வளைச்ச தகடு ஒண்ணைத் தொட்டில் மாதிரி வச்சு, கிளாம்பை அதன் மேல தளர்வாப் போட்டாலும் போதும். எடை பரவிடும், ஃபோம் நசுங்காது.

செம்புத்தச்சன் | ஜூன் 9, இரவு 8:05

கேபிள் டையும் அதே வேலைதான் செய்யும். உறையை இறுக்கிக் கட்டி இடுப்பு வர வைக்காதீங்க. அந்த இடுப்புல முதல் சொட்டு நிக்கும்.

கூரைச்சொட்டு | ஜூன் 11, காலை 8:30

எல்போவும் பால் வால்வும் எப்படி?

செம்புத்தச்சன் | ஜூன் 11, இரவு 9:15

எல்போ: குழலை 45 டிகிரியில அறுத்து, ஒரு பாதியைத் திருப்பி வச்சு ஒட்டினா 90 வரும். முதல்ல மேசையில ஒட்டி, காய்ஞ்ச பிறகு உள்வளைவுப் பக்கம் பிளந்து, குழாய் மேல மாட்டி, பிளவை ஒட்டணும். நேர்க்குழலை அப்படியே வளைச்சுப் போனா உள்வளைவு கசங்கி மடியும், வெளிவளைவுல சுவர் மெலிஞ்சு போகும். வேர்வை வெளிவளைவுலதான் தொடங்கும். பிரேஸ் பண்ணின எல்போ குழாயை விடத் தடிச்சது, அதனால அந்தத் துண்டுக்கு ஒரு அளவு பெரிய உள்விட்டம் எடுங்க.

வால்வு: உடம்பு முழுக்க அதே தடிமன் ஷீட்டால பெட்டி கட்டுங்க. ரெண்டு பக்கக் குழாய் உறை மேல பெட்டி 50 மி.மீ.யாவது ஏறி நிக்கணும். கைப்பிடித் தண்டுதான் சிக்கல். அது உலோகம், வெளியே வரும், வேர்க்கும். நீண்ட கழுத்து வச்ச வால்வு கிடைச்சா மாத்திடுங்க. கைப்பிடி உறைக்கு வெளியே, கழுத்து உள்ளே இருக்கும்.

ஓட்டுவீடு | ஜூன் 14, மதியம் 12:20

குறுக்கே ஒரு கேள்வி. ஸ்பிளிட் ஏசியில தடிச்ச குழாய் ஒண்ணுக்குத்தான் உறை வேணும், மெல்லிய குழாய்ல திரவம் போறதால வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார். ரெண்டையும் சேர்த்து ஒரே உறைக்குள்ள விடலாம்னு இன்னொருத்தர்.

அடைப்பான் | ஜூன் 14, மாலை 4:45

ரெண்டும் வேண்டாம். சுவர்ல மாட்டற ஸ்பிளிட்ல, திரவத்தை விரியவிட்டுக் குளிர வைக்கிற பாகம், அதாவது விரிவு வால்வோ கேபிலரியோ, வெளி யூனிட்ல இருக்கு. மெல்லிய குழாய்க்குள்ள போறது ஏற்கெனவே விரிஞ்சு குளிர்ந்த கலவை. தடிச்ச குழாய் அளவுக்கே குளிரும். ரெண்டுக்கும் தனித்தனி உறை.

ஹீட் பம்பா, அதாவது அறையைச் சூடாக்கவும் வேலை செய்யற யூனிட்னா குளிர்காலத்துல தடிச்ச குழாய்ல சூடான வாயு வரும். உறை தாங்கற வெப்பநிலையைப் பார்த்து வாங்குங்க. நைட்ரைல் சுமார் 105 டிகிரி வரை, இபிடிஎம் ரப்பர் அதுக்கும் மேல.

பனிப்புள்ளி | ஜூன் 15, காலை 6:40

ஏசிக் குழாய்க்கு எண்களும் தருகிறேன். 30 டிகிரி, 80 சதவீதம், குழாய் 7 டிகிரி, பனிப்புள்ளி 26.2. கால் அங்குலக் குழாய்க்கு 9 மி.மீ. உறை போட்டால் தோல் 25.5, வேர்க்கும். 13 மி.மீ. போட்டால் 27. ஐந்தெட்டு அங்குலத்துக்கு 9 மி.மீ. என்றால் 24.5, 13 என்றால் 26.2, சரியாக விளிம்பில். 19 போட்டால் 27.5. குழாய் தடித்தால் உறையும் தடிக்க வேண்டும் என்பது இதில் தெரியும்.

ஓட்டுவீடு | ஜூன் 15, காலை 11:00

ரொம்ப மெல்லிய குழாய்க்கு உறை போட்டா வெப்ப இழப்பு கூடும்னு படிச்சிருக்கேனே, அந்த எல்லை ஆரம் விஷயம்?

பனிப்புள்ளி | ஜூன் 15, இரவு 8:30

உண்மைதான், ஆனால் இங்கே அது தடையாகாது. எல்லை ஆரம் என்பது கடத்துத்திறனைப் பரப்பின் வாங்குதிறனால் வகுத்தது. 0.036ஐ 9ஆல் வகுத்தால் 4 மி.மீ. கால் அங்குலக் குழாயின் ஆரம் 3.2. முதல் 0.8 மி.மீ. உறை வெப்ப வரவைச் சிறிதளவு கூட்டும், அதன் பிறகு குறையத் தொடங்கும். 9 மி.மீ. போட்டால் வெறுங்குழாயை விட வரவு கால்வாசி குறைகிறது. ஆனால் தோலின் வெப்பநிலை முதல் மில்லிமீட்டரிலிருந்தே ஏறிக்கொண்டே போகும், இறங்காது. வேர்வையைப் பொறுத்தவரை எல்லை ஆரம் என்ற கவலையே இல்லை.

நீலவால்வு | ஜூன் 18, காலை 9:50

பாலிஎத்திலீன் ஃபோம் குழல் பற்றி யாரோ கேட்பதற்கு முன்: 15 டிகிரியில் வரும் சாதாரணத் தண்ணீர்க் குழாய்க்கு அது தாராளமாகப் போதும். அங்கே 30 டிகிரி, 80 சதவீதத்துக்கு 9 மி.மீ. விளிம்பில் நிற்கும், 13 நிம்மதி. வளைவுகளில் மடிந்துகொள்வதும் பிளவு திறந்துகொள்வதும் அதன் குறை. 7 டிகிரிக் குழாய்க்கு நைட்ரைலிடமே போங்கள். கிளாஸ் வுல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஆவித்தடைத் தாளில் ஒரு ஸ்டேப்ளர் துளைகூட விடாதீர்கள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஆவி போகாத பூச்சு தடவுங்கள். நாரில் ஆவிக்கு எதிர்ப்பே கிடையாது, துளை ஒன்று போதும்.

கூரைச்சொட்டு | ஜூலை 6, காலை 7:30

25 மி.மீ. போட்டு முடிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. கிளாம்ப் எல்லாத்துக்கும் பஃப் கட்டை. லைன் காய்ஞ்சு நிக்குது. ஆனா ரெண்டு இடம் பாக்கி. சுவரைத் தாண்டற இடத்துல சுவரே ஈரமாகுது. அப்புறம் தண்ணி போற குழாயும் வர்ற குழாயும் ஒட்டினாப்பல ஓடற ஒரு மீட்டர்ல, ரெண்டு உறையும் தொடற கோட்டுல மட்டும் ஈரம்.

பனிப்புள்ளி | ஜூலை 6, இரவு 9:10

இரண்டாவதை முதலில். ஜூன் 4இல் நான் எடுத்த 9 வாட், குழாயைச் சுற்றிக் காற்று தாராளமாக ஓடும் இடத்துக்கான எண். இரண்டு குளிர்க்குழாய்கள் ஒட்டிக்கொண்டால் நடுவில் காற்று தேங்கும். ஒன்றுக்கொன்று சூடான சுவரை மறைத்தும் கொள்ளும். அங்கே அது 5க்கு இறங்கும். உங்கள் 25 மி.மீ. உறையின் தோல் 28இலிருந்து 26.7க்கு வரும், 89 வரை தாங்கியது 82இலேயே வேர்க்கும். உறைகளுக்கு இடையே, சுவருக்கும் உறைக்கும் இடையே, சுமார் 100 மி.மீ. விடுங்கள். நகர்த்த முடியாவிட்டால் அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் தடிமனைக் கூட்டுங்கள். சீலிங்குக்கு மேலே மூலைகளில் குப்பை, பழைய அட்டைப்பெட்டி எதுவும் குழாய் மீது சாய்ந்திருந்தாலும் இதே விளைவு.

செம்புத்தச்சன் | ஜூலை 6, இரவு 9:55

சுவரோட்டையில உறை நின்னு மறுபக்கம் மறுபடி தொடங்குதா? அப்படின்னா அதுதான் காரணம். ஓட்டையைப் பெரிசாக்குங்க. ஒரு பிவிசி ஸ்லீவ் வைங்க, உள்விட்டம் உறையோட வெளிவிட்டத்தை விடக் கொஞ்சம் பெரிசா. 22 மி.மீ. குழாய்க்கு ரெண்டு பக்கமும் 25 சேர்ந்தா 72 மி.மீ., அதுக்கு மேல இருக்கணும். உறை வெட்டுப்படாம நேரா சுவரைத் தாண்டிப் போகணும், இணைப்பு சுவருக்குள்ள வரவே கூடாது. ஸ்லீவுக்கும் உறைக்கும் நடுவுல இருக்கற சந்தை ரெண்டு பக்கமும் சிலிக்கானால அடைங்க. தீத்தடுப்புச் சுவர்னா அதுக்குன்னே இருக்கற சீலன்ட்தான் போடணும். சிமென்ட் வச்சு இறுக்கிப் பூசாதீங்க, ஃபோம் நசுங்கும்.

ஓட்டுவீடு | ஜூலை 20, மாலை 3:00

வேர்வைத் தடுப்பு பெயின்ட்னு டப்பாவுல வருது. கார்க் தூள் கலந்தது. உறைக்குப் பதிலா அடிக்கலாமா?

அடைப்பான் | ஜூலை 20, இரவு 7:20

1 மி.மீ. பூச்சு அடிச்சா 15 டிகிரிக் குழாயோட பரப்பு 17 டிகிரி ஆகும். பனிப்புள்ளி 26. எங்கேயும் பத்தாது. சொரசொரப்பான பூச்சு கொஞ்ச நேரம் நீரைப் பிடிச்சு வச்சுக்கும், விட்டு விட்டு ஓடற குழாய்ல சொட்டறது தள்ளிப்போகும். உறை புக முடியாத வால்வுக் கழுத்து, மீட்டர் மாதிரி இடத்துக்கு வச்சுக்கலாம். 7 டிகிரிக் குழாய்க்கு நினைக்கவே வேண்டாம்.

நீலவால்வு | ஆகஸ்ட் 2, காலை 8:15

செம்புக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு: உறைக்கு முன் துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு ப்ரைமர் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். உறைக்குள் ஈரம் புகுந்தால் துரு வெளியே தெரியாமல் தின்னும், குழாய் ஓட்டையாகும்போதுதான் தெரியவரும். மொட்டை மாடியில் வெயில் படும் நைட்ரைல் உறை புற ஊதாக் கதிரால் வெடித்து உதிரும். அதற்கென்றே உள்ள மேல்பூச்சை இரண்டு கோட் அடிக்கலாம், அல்லது தகடு போர்த்தலாம். பசை முழுசாகக் காய்ந்த பிறகே பூச்சு.

கூரைச்சொட்டு | ஆகஸ்ட் 19, காலை 7:50

ஸ்லீவ் போட்டாச்சு, சுவர் காய்ஞ்சுடுச்சு. ஒட்டின ஒரு மீட்டருக்கு மேலே 13 மி.மீ. ஷீட் கூடுதலா சுத்தி ஒட்டினேன், ஈரம் இல்ல. சீலிங் பலகையை மாத்தலாம்னு இருக்கேன். ஏசி உள்யூனிட்டோட வடிகால் குழாய் ஒண்ணு மட்டும் பலகைக்கு மேலே ஓடுது, வெறும் பிவிசி. அதுக்கும் வேணுமா?

செம்புத்தச்சன் | ஆகஸ்ட் 19, இரவு 8:40

வேணும். அதுல வர்றது காயில்ல இருந்து வடியற குளிர்ந்த தண்ணி. பிவிசி சுவர் மெல்லிசு, வேர்க்கும். 9 மி.மீ. குழல் போதும், சீலிங்குக்கு மேல ஓடற நீளம் முழுக்க, இணைப்பெல்லாம் பசையோட. உறை போடறதுக்கு முன்னாடி சரிவைப் பாருங்க: மீட்டருக்கு 10 மி.மீ.யாவது இறங்கணும், நடுவுல தொய்வு இருக்கக்கூடாது. ட்ரேயில ஒரு குடம் தண்ணி ஊத்தி, மறுமுனையில தடையில்லாம வருதான்னு பார்த்துட்டு அப்புறம் பலகையை மூடுங்க.